தாங்குசுவர் அடித்தளக் காப்பு

மண் சரியாமல் தாங்கி நிற்கும் சுவரின் அடிநிலத்தை நீரின் தாக்கத்திலிருந்து காக்கும் கட்டுமான முறைகளைத் தாங்குசுவர் அடித்தளக் காப்பு என்ற பொதுப்பெயரால் குறிப்பிடுகிறோம். குளிர்நாடுகளில் மண்ணுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி நிலத்தையே தூக்கிவிடுகிறது. அதைத் தடுக்க அங்கே சுவரடியில் கெட்டியான நுரைப் பலகைகளைப் பரப்புகிறார்கள். தக்காணத்துக் கரிசல் நிலத்தில் அதே நீர் களிமண்ணை உப்ப வைக்கிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் நீர் உறைவதே இல்லை. ஆனால் கார்த்திகை மழையில் பாறை இடுக்குகளுக்குள் புகுந்து, சுவரின் முதுகில் தேங்கித் தள்ளுகிறது. அடியில் ஓடி மண்ணை அரிக்கிறது. உறைபனிக் காப்பு தோன்றி வளர்ந்த வரலாறு, இந்திய நிலங்களில் அது பொருந்தும் இடங்கள், திருமலை மலைச்சாலையின் சுவர்களுக்கு உண்மையில் வேண்டிய காப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

பெயர்களும் பொருளும்

தாங்குசுவரைப் பேச்சுவழக்கில் தடுப்புச்சுவர் என்பார்கள். ஒப்பந்ததாரர்களும் மேஸ்திரிகளும் 'ரீடெய்னிங் வால்' என்றே சொல்லிப் பழகியவர்கள். அடித்தளத்துக்கு அஸ்திவாரம், கடைக்கால் என்ற பெயர்கள் உண்டு. அதற்காகத் தோண்டும் பள்ளம் வானம். கருங்கல் கட்டில் பெரிய கற்களுக்கு இடையே செருகி இறுக்கும் கல்சில்லு சக்கை. சுவரின் முதுகில் தேங்கும் நீர் வெளியேற முகப்பில் விடும் துளைக்கு 'வீப் ஹோல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இக்கட்டுரையில் அது கசிவுத்துளை.

உறைபனிக் காப்புக்குப் பயன்படும் பலகைகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் நுரையால் ஆனவை. மணிமணியாக ஊதி ஒட்டவைத்த வெள்ளை வகையை இந்தியாவில் தெர்மாகோல் என்றால் எல்லோருக்கும் தெரியும். மற்றது, உருக்கிய பிளாஸ்டிக்கை வாயுவோடு கலந்து அச்சின் வழியே பிதுக்கி எடுக்கும் வகை. அதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியிருப்பதால் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். பாரமும் கூடுதலாகத் தாங்கும். அடித்தளத்தின் கீழ் இடுவதற்குப் பெரும்பாலும் இந்தப் பிதுக்கு நுரைப் பலகையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சுவர்க் கணக்கின் தொடக்கம்

மண்ணைத் தாங்கச் சுவர் எழுப்பும் வேலை மிகப் பழையது. ஏரிக்கரையின் உள்முகத்தில் கல் பதிப்பதும், மலைப்படிகளின் ஓரத்தில் கற்களை அடுக்கி மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் தென்னிந்தியாவில் நூற்றாண்டுகளாக நடந்துவருகின்றன. ஆனால் மண் எவ்வளவு விசையோடு சுவரைத் தள்ளுகிறது என்று கணக்கிடும் வழி 18ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. கரீபியத் தீவான மார்த்தினிக்கில் கோட்டை கட்டும் பணியில் இருந்த பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் சார்ல் ஒகுஸ்தென் கூலோம், அந்த அனுபவத்தை வைத்து எழுதிய ஆய்வை 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் படித்தார். சுவருக்குப் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு மண்துண்டு பிரிந்து சறுக்க முனைகிறது, அதன் எடையும் உராய்வும்தான் தள்ளுவிசையை முடிவு செய்கின்றன என்பது அவர் கண்டது. 1857இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின் வேறொரு வழியில் கணக்கை எளிமையாக்கினார். இன்று கல்லூரிகளில் கற்பிக்கும் தாங்குசுவர்ப் பாடத்தின் வேர் இவ்விருவரிடம் இருக்கிறது.

இந்தக் கணக்குகள் மண்ணின் தள்ளுவிசையைச் சொல்லின. ஆனால் குளிர்காலம் முடிந்ததும் சில சுவர்கள் முன்பக்கம் சாய்ந்தும் விரிசல் விட்டும் நின்றதற்கு அவற்றில் விடை இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கொத்தனார்கள் பட்டறிவால் ஒரு விதியை வைத்திருந்தார்கள்: நிலம் எந்த ஆழம் வரை உறைகிறதோ அதற்கும் கீழே வானம் தோண்டிக் கடைக்காலைப் போட வேண்டும். குளிர் மிகுந்த ஊர்களில் இந்த ஆழம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டரைத் தொடும். விதி சரியானதுதான். ஆனால் உறைபனி நிலத்தை ஏன் தூக்குகிறது என்பது அப்போது விளங்கியிருக்கவில்லை.

பனி மண்ணைத் தூக்குவது எப்படி

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். மண்ணில் உள்ள நீர் இப்படி விரிவதால்தான் நிலம் உயர்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. அவர் களிமண் உருளைகளை மேலிருந்து கீழாக உறையவைத்தார். அடியில் நீர் கிடைக்கும்படி விட்டார். வெறும் விரிவினால் வரக்கூடிய அளவைவிட மிகக் கூடுதலாக மண் உயர்ந்தது. பிறகு நீருக்குப் பதிலாக பென்சீனைக் கொண்டு உறையவைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் திரவம். அப்போதும் மண் உயர்ந்தது. எனவே விரிவு முதன்மைக் காரணம் ஆக முடியாது.

உறைந்த மண்ணை வெட்டிப் பார்த்தால் உண்மை கண்ணுக்கே தெரியும். சாம்பல்நிற மண்ணின் ஊடே கிடைமட்டமாக, தலைமுடி அளவிலிருந்து விரற்கடை அளவு வரை தடித்த தெளிந்த பனித்தகடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நுண்மண் கீழிருக்கும் ஈரத்தை உறையும் விளிம்புவரை இழுக்கிறது. வந்து சேரும் நீர் அங்கே பனித்தகடாகப் படிந்து வளர்கிறது. தகடு தடிக்கத் தடிக்க மேலே உள்ள மண்ணும் அதன்மேல் நிற்கும் சுவரும் உயர்கின்றன. வசந்தத்தில் தகடு உருகும்போது மண் குழம்பாகிவிடுகிறது. குளிர்காலத்தில் தூக்கிய நிலம் உருகும் காலத்தில் கைவிடுவதால் சுவருக்கு இரட்டைச் சேதம்.

எந்த மண் ஆபத்தானது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆர்தர் கசகிராண்டே 1930களின் தொடக்கத்தில் வரையறுத்தார். பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மி.மீ.க்கும் சிறிய துகள்கள் 3 விழுக்காட்டைத் தாண்டினால் பனித்தகடு வளரும். ஒரே அளவுத் துகள் கொண்ட மண்ணில் அந்த எல்லை 10 விழுக்காடு. ஸ்வீடனின் குன்னர் பெஸ்கோவ் 1935இல் சாலைகளை முன்வைத்து இதே பொருளை விரிவாக ஆராய்ந்தார். இந்த ஆய்வுகளின் சாரம் மூன்று நிபந்தனைகள்: நுண்மண், நீர், உறைநிலைக் குளிர். மூன்றும் சேர்ந்தால்தான் நிலம் உயரும். ஒன்றை நீக்கினாலே போதும். மண்ணை மாற்றிச் சரளை இடுவதும் நீரை வடிப்பதும் பழகிய வழிகள். குளிரையே நிலத்துக்குள் இறங்கவிடாமல் தடுப்பது மூன்றாவது வழி. அதற்கு ஏற்ற பொருள் அப்போது கையில் இல்லை.

நுரைப் பலகையின் வருகை

அந்தப் பொருளின் கதை ஸ்வீடனில் தொடங்குகிறது. கார்ல் முந்தர்சும் யோன் தாண்ட்பெர்க்கும் பாலிஸ்டைரீனை நுரையாக்கும் முறைக்கு 1930களில் காப்புரிமை பெற்றார்கள். 1940களில் அமெரிக்காவின் டவ் வேதிப்பொருள் நிறுவனத்தில் ரே மெக்இன்டயர் அதே வழியில் பிதுக்கு நுரையை உருவாக்க, நிறுவனம் ஸ்வீடன் காப்புரிமையின் உரிமத்தை வாங்கி உற்பத்தியில் இறங்கியது. போர்க்காலத்தில் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் உயிர்காப்பு மிதவைகளுக்குப் பயன்பட்டதுதான் அதன் முதல் பெரும்பணி. நீரில் ஊறாமல் மிதக்கும் அந்தக் குணமே பின்னாளில் ஈரநிலத்தில் புதைக்கவும் அதைத் தகுதியாக்கியது. மணிநுரையை ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி உருவாக்கினார். 1950களில் அது சந்தைக்கு வந்தது.

1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் கனடாவிலும் நார்வேயிலும் சாலைப் பரப்புக்கு அடியில் நுரைப் பலகைகளை இட்டுச் சோதித்தார்கள். நார்வே 1970களில் 'நிலத்தில் உறைபனி' என்ற தேசிய ஆய்வுத் திட்டத்தையே நடத்தியது. ஒஸ்லோவுக்கு அருகே ஃப்ளோம் பாலத்தின் அணுகுசாலை மென்மண்ணில் அமிழ்ந்துகொண்டே போனபோது, 1972இல் அந்நாட்டுச் சாலைத்துறை கனத்த மண்நிரப்பை எடுத்துவிட்டு மணிநுரைக் கட்டைகளை அடுக்கியது. நுரை குளிர்த்தடுப்புப் பொருள் மட்டுமல்ல, எடையற்ற நிரப்புப் பொருளும் ஆகும் என்பதை உலகம் கற்ற இடம் அது.

வீடுகளிலும் இம்முறை பரவியது. அடித்தளத்தைச் சுற்றி நுரைப் பலகை பதித்தால் வீட்டுக்குள்ளிருந்து கசியும் வெப்பம் அடியிலேயே தங்குகிறது. ஆழமாகத் தோண்டும் தேவை குறைகிறது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் இவ்வாறு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துள்ளதாகக் கட்டுமானத் துறையினர் கணக்கிடுகிறார்கள். அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கம் 2001இல் ஆழமற்ற உறைபனிக் காப்பு அடித்தளத்துக்கென்று தனித் தரநூல் வெளியிட்டது.

சுவரடியில் பலகை

தாங்குசுவருக்கு உறைபனிக் காப்பு செய்வது வீட்டைவிடக் கடினம். வீட்டில் அடுப்பும் மனிதர்களும் தரும் வெப்பம் உண்டு. சுவருக்கு அப்படி எதுவும் இல்லை. கோடையில் நிலம் சேமித்து வைத்த வெப்பத்தையும் ஆழத்திலிருந்து மெல்ல மேலேறும் வெப்பத்தையும் மட்டுமே நம்பி நிற்கிறது. மேலும் குளிர் அதை இருபுறம் தாக்குகிறது: மேலே உள்ள நிலத்தின் வழியாகக் கீழ்நோக்கி, சுவரின் திறந்த முகப்பு வழியாகப் பக்கவாட்டில். கல்லும் கான்கிரீட்டும் வெப்பத்தை எளிதில் கடத்துவதால் சுவரின் முதுகை ஒட்டிய மண் முதலில் உறைகிறது. அங்கே வளரும் பனித்தகடுகள் செங்குத்தாக நின்று சுவரை முன்னோக்கித் தள்ளுகின்றன.

எனவே வேலை பல படிகளாக நடக்கிறது. வானத்தின் அடியில் 15 செ.மீ.க்குக் குறையாமல் கழுவிய சரளையை இட்டு இறுக்கி, வடிகால் குழாய்க்குச் சரிவு கொடுக்கிறார்கள். அதன்மேல் மட்டமாக மணல் பரப்பி, நுரைப் பலகைகளை இடைவெளி விடாமல் பொருத்துகிறார்கள். பலகை அடித்தளத்தின் அகலத்தோடு நின்றுவிடாது. குளிர் ஓரமாகச் சுற்றிவந்து அடியில் புகாதபடி வெளியே நீண்டிருக்கும். அதற்குமேல் கான்கிரீட் அடித்தளம். சுவரின் முதுகிலும் பலகை ஒட்டி, அதை அடுத்துச் சரளை நிரப்புகிறார்கள்.

பிதுக்கு நுரையின் வெப்பக் கடத்தல் எண் ஏறத்தாழ 0.03, ஈர மண்ணுக்கு அது 1 முதல் 2 வரை. இதனால் 5 செ.மீ. பலகை ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான மண்ணுக்கு ஈடாகிறது. ஆனால் பாரத்தில் கவனம் வேண்டும். பலகையின் மேல் எழுதியிருக்கும் அமுக்க வலிமை குறுகிய நேரச் சோதனையில் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் நிற்கும் சுமையில் நுரை மெல்ல அமுங்கிக்கொண்டே போகும் என்பதால், அந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவைத்தான் வடிவமைப்பில் நம்புகிறார்கள். தாங்குசுவரின் முன்விளிம்பில் அழுத்தம் குவிவதால் இந்த எச்சரிக்கை இங்கே இன்னும் முக்கியம்.

இந்திய நிலங்களில்

இந்தியாவில் நிலம் ஆழமாக உறையும் பகுதிகள் லடாக்கிலும் இமயத்தின் உயர்வெளிகளிலும்தான் இருக்கின்றன. 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் குளிர்கால இரவுகள் உறைநிலைக்குப் பல பாகை கீழே இறங்கும். 1960இல் தோன்றிய எல்லைச் சாலைகள் அமைப்பு அங்கே எழுப்பும் சுவர்களில் காரையில்லாக் கல்லடுக்குச் சுவர்களும் கம்பிக்கூட்டுச் சுவர்களும் நிறைய உண்டு. இவ்வகைச் சுவர்களில் நீர் தேங்காது. நிலம் சற்று அசைந்தாலும் கற்கள் தாமாக இடம் சரிசெய்துகொள்ளும். மலைப்பகுதித் தாங்குசுவர்களுக்கு இந்தியத் தரநிர்ணய அமைப்பு 1990களின் இறுதியில் ஐ.எஸ். 14458 என்ற வழிகாட்டி நூலை வெளியிட்டது. காரையில்லாக் கல்கட்டுக்கென்றே அதில் தனிப்பகுதி இருக்கிறது.

இமயத்துக்கு அப்பால் சீனா 2006இல் திறந்த திபெத் இருப்புப்பாதையில் நுரைப் பலகை தலைகீழான வேலையைச் செய்கிறது. 5,072 மீட்டர் வரை ஏறும் அந்தப் பாதையின் நீண்ட பகுதி நிரந்தரமாக உறைந்த நிலத்தின்மேல் கிடக்கிறது. அங்கே உறைநிலம் உருகிவிடக் கூடாது. அதற்காகக் கோடை வெப்பத்தைத் தடுக்கவும் பலகைகளை இட்டார்கள்.

தமிழ்நாட்டில் உறைபனி என்றால் நினைவுக்கு வருவது நீலகிரி. டிசம்பர், ஜனவரி மாதங்களின் விடியலில் உதகையின் புல்வெளி வெள்ளை பூத்திருக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். ஆனால் அந்தப் பனி நிலத்தின் மேல்தோலில் படிந்து, வெயில் ஏறியதும் போய்விடுகிறது. கடைக்கால் ஆழத்தை அது தொடுவதில்லை. நீலகிரியில் சுவரையும் உயிரையும் பறிப்பது மழையும் சரிவை வெட்டும் முறையும்தான். 2009 நவம்பர் மழையின் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேலில் தாங்குசுவர் கட்ட வானம் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் மாண்டார்கள். அது மழைக்காலம் கூட அல்ல. காக்கும் சுவர் எழும்வரை அந்தச் சரிவு காப்பற்றது. வானம் தோண்டும் நாட்களே மிகவும் ஆபத்தானவை என்பதை மலையில் வேலை எடுக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

உறைபனித் தூக்கலுக்கு இந்தியாவில் உண்மையான உடன்பிறப்பு கரிசல் மண்ணின் உப்பல். மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் அந்த மண் கட்டடத்தைத் தூக்கி இறக்குகிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல் பருத்த கான்கிரீட் தூண்களைப் பரவலாக்கியது. அசையும் மண்ணைத் தாண்டி அசையாத ஆழத்தில் அவை வேர் பிடிக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யில் ஆர். கே. கட்டி, கரிசலுக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே ஒட்டும் தன்மையுள்ள, ஆனால் உப்பாத மண்ணை அடுக்காக இடும் முறையை வகுத்தார். நார்வேக்காரர் நுரைப் பலகை இட்ட அதே இடத்தில் தக்காணம் மண்ணடுக்கை இட்டது. பொருள் வேறு, தீர்த்த சிக்கல் ஒன்று.

சித்தூரும் திருப்பதியும்: நிலமும் மழையும்

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. 2022 ஏப்ரலில் அதிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி மாவட்டத்தை அமைத்தார்கள். கோடையில் 40 பாகையைத் தாண்டும் இந்த நிலத்தில் உறைபனிக்கு இடமே இல்லை. பழைய சித்தூர் மாவட்டத்தின் குளிர்ந்த வாசத்தலமான, ஏறத்தாழ 1,265 மீட்டர் உயர ஹார்ஸ்லி குன்றிலும் நிலம் உறைவதில்லை.

திருமலை சேஷாசலத் தொடரில் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைச்சாலையில் ஏறும்போது வெட்டிய பாறை முகத்தில் இரண்டு உலகங்களின் எல்லை தெரியும். அடியில் மிகப்பழைய கருங்கல். அதன்மேல் பல கோடி ஆண்டு இடைவெளிக்குப் பிறகு படிந்த குவார்ட்சைட் பாறையடுக்கு. சித்தூர் மாவட்டத்து நகரியின் பெயரால் அதை நகரி குவார்ட்சைட் என்கிறார்கள். இந்த எல்லையை 1872இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் பதிவு செய்தார். இன்று அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

சுவர் கட்டுபவருக்கு இந்த எல்லை பாடப்புத்தகச் செய்தி அல்ல. குவார்ட்சைட் கெட்டியான கல். ஆனால் படுகை வாக்கிலும் நெடுக்குவாக்கிலும் பிளவுகள் ஓடி, பெரிய பெரிய பாளங்களாகப் பிரிந்திருக்கிறது. மழைநீர் பிளவு வழியே இறங்கி, பாளத்தைப் பிடித்திருக்கும் மண்ணைக் கரைக்கிறது. மரவேர் பிளவை அகட்டுகிறது. ஒருநாள் பாளம் பெயர்ந்து உருள்கிறது. வங்கக்கடலில் புயல்சின்னம் உருவாகும் நவம்பரில் இந்த மலைமுகம் நேராக மழையை வாங்குகிறது.

மலைச்சாலையின் சுவர்கள்

பல நூற்றாண்டுகள் பக்தர்கள் அலிபிரியிலிருந்தும் சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு வழியாகவும் படியேறியே திருமலை சென்றார்கள். ஏற முடியாதவர்களை டோலியில் சுமந்தார்கள். 1933இல் திருமலை திருப்பதி தேவஸ்தான நிர்வாகம் சட்டப்படி அமைந்த பிறகு மோட்டார் சாலைத் திட்டம் உருப்பெற்றது. பொறியாளர் எம். விஸ்வேஸ்வரய்யாவின் பெயரை இந்தச் சாலையின் வழித்தடத்தோடு இணைத்துச் சொல்வது வழக்கம். 1944 ஏப்ரலில் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் காலத்தில் முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. 1970களில் இரண்டாவது சாலை சேர்ந்தது. இன்று வண்டிகள் இரண்டாவது சாலையில் ஏறி முதல் சாலையில் இறங்குகின்றன.

மலையில் சாலை போடுவது என்றால் சரிவின் மேற்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் நிரப்புவது. வெட்டிய பக்கத்தில் உதிர்வதைத் தடுக்க ஒரு சுவர். நிரப்பிய பக்கத்தில் சாலையையே தூக்கிப்பிடிக்க ஒரு சுவர். பேருந்தில் போகும் பக்தர் கண்ணில் படுவது முதல் சுவர். கால்களுக்குக் கீழே, பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் இரண்டாவது சுவரை யாரும் பார்ப்பதில்லை. அது போனால் சாலை போய்விடும்.

2021 நவம்பர் 18, 19 தேதிகளில் கொட்டிய மழை இந்தச் சுவர்களுக்கும் வடிகால்களுக்கும் பெருஞ்சோதனையாக வந்தது. வெள்ளம் படிக்கட்டிலும் சாலையிலும் ஆறாக ஓடியது. மண்ணும் பாறையும் விழுந்ததால் மலைச்சாலைகளை மூடினார்கள். ஸ்ரீவாரி மெட்டுப் பாதை பலத்த சேதமடைந்து 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறந்தது. டிசம்பர் 1 விடியற்காலையில் இரண்டாவது சாலையில் பெரும்பாறை பெயர்ந்து விழுந்து சாலையையும் ஓரச்சுவரையும் உடைத்தது. மழை விட்டுச் சில நாளான பிறகும் பாறை விழும். பிளவுக்குள் இறங்கிய நீர் மழையோடு நின்றுவிடுவதில்லை. தேவஸ்தானம் ஐ.ஐ.டி. வல்லுநர்களை அழைத்துச் சரிவுகளை ஆராயச் செய்தது.

அதே மழையில் திருப்பதிக்கு அருகே, விஜயநகர காலத்ததாகச் சொல்லப்படும் ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். தெலுங்கில் கரையைக் 'கட்ட' என்பார்கள். தமிழின் கட்டு என்ற சொல்லின் உறவு. கரையும் ஒரு தாங்குசுவர்தான், மண்ணுக்குப் பதில் நீரைத் தாங்குகிறது. இரண்டையும் அழிக்கும் வழி ஒன்றே: உள்ளே புகுந்த நீர் மண்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வெளியேறி, உள்ளுக்குள் குழாய்போல் வழி அரித்துவிடுவது.

இந்த நிலத்துக்கு வேண்டிய காப்பு

நீர் தேங்கினால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். 4 மீட்டர் உயரச் சுவர், பின்னால் ஈரமில்லாத மணற்பாங்கான நிரப்பு என்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் தள்ளும் விசை ஏறத்தாழ 5 டன். அதே நிரப்பில் நீர் உச்சிவரை நிறைந்தால் விசை 11 டன்னை நெருங்கும். சுவர் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. அடைபட்ட நீர் மட்டும் சுமையை இரட்டிப்பாக்கிவிட்டது. அதே நீர் அடித்தளத்தின் கீழுள்ள பிடிப்பையும் தளர்த்துகிறது.

ஆகவே இங்கே அடித்தளக் காப்பின் முதல் உறுப்பு வடிகால். சுவரின் முதுகை ஒட்டிச் சரளைப் பட்டை. அதற்கும் மண்ணுக்கும் நடுவே மண்துகளைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணி. அடியில் துளையிட்ட குழாய். முகப்பில் வெளிப்பக்கம் சரிந்த கசிவுத்துளைகள். உச்சியில், மேட்டிலிருந்து ஓடிவரும் நீரைச் சுவரை அடையுமுன் மடக்கும் வாய்க்கால். இரண்டாவது உறுப்பு அடிநிலம். வானம் தளர்ந்த நிரப்பு மண்ணில் நின்றுவிடாமல் கெட்டி நிலத்தைத் தொட வேண்டும். பாறையாக இருந்தால் சறுக்காதபடி படிபோல் வெட்ட வேண்டும். மூன்றாவது, சுவரின் முன்விளிம்பை ஓடும் நீர் அரிக்காதபடி கல் பதிப்பது. பாளம் பெயரும் முகங்களில் சுவரால் மட்டும் பயன் இல்லை; பாறையில் துளையிட்டு எஃகுக் கம்பிகளை நங்கூரமிடுவதும் கம்பிவலை போர்த்துவதும் அங்கே தேவை.

உறைபனிக்கான நுரைப் பலகையை இங்கே சுவரடியில் இடுவதால் நன்மை இல்லை, தீமை உண்டு. தடுக்க வேண்டிய குளிரே இல்லாதபோது, அது அடித்தளத்துக்கும் பாறைக்கும் நடுவே அமுங்கும் ஓர் அடுக்காக மட்டும் மிஞ்சும். கறையான் இந்த நுரையைத் தின்னாது, ஆனால் குடைந்து வழி போடும். கறையான் மிகுந்த மாநிலங்களில் மண்ணைத் தொடும்படி நுரைப் பலகை பதிப்பதற்கு அமெரிக்கக் கட்டட விதிகளே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. பெட்ரோலும் டீசலும் பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்து சிதையும் என்பதையும் சாலையோரத்தில் மறக்க முடியாது. எடை குறைந்த நிரப்பாக நுரைக் கட்டைகளைச் சரிவுகளில் பயன்படுத்த முடியும். ஆனால் அங்கேயும் வெள்ளத்தில் அவை மிதந்து எழாதபடி மேலே போதிய சுமையும் அடியில் நல்ல வடிகாலும் வேண்டும். எந்த வழியில் போனாலும் திருமலையில் கேள்வி நீரிடம்தான் வந்து நிற்கிறது.

பராமரிப்பு

கட்டி முடித்த சுவரின் உடல்நிலையைக் கசிவுத்துளையே சொல்லும். மழையின்போது துளையிலிருந்து தெளிந்த நீர் ஒழுகினால் வடிகால் ஒழுங்காக வேலை செய்கிறது. நீர் கலங்கிச் சிவந்து வந்தால் உள்ளே மண் கரைகிறது. அடைமழையிலும் துளை உலர்ந்திருந்தால்தான் மிகுந்த கவலை வேண்டும்: வழி அடைத்துவிட்டது, நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. சுவரின் நடுவயிறு பிதுங்குவதும், உச்சியை ஒட்டிச் சாலையில் நெடுக விரிசல் ஓடுவதும், ஓரத்துத் தூண்கள் சாய்வதும் அடுத்தடுத்த அறிகுறிகள்.

துளைகளை அடைப்பது பெரும்பாலும் சருகும் புல்வேரும் குளவிக்கூடும் பிளாஸ்டிக் உறையும். புரட்டாசி முடிவதற்குள் ஒருவர் கம்பியோடு சுவர் நெடுகிலும் நடந்து ஒவ்வொரு துளையையும் குத்திவிட்டு, மேல்வாய்க்காலின் சருகை அள்ளிப்போட்டால் போதும். டேபரின் உருளைகளிலிருந்து நார்வேயின் பலகைகள் வரையான ஆய்வு காட்டிய மூன்று நிபந்தனைகளில், குளிரை இந்த மண் தானாகவே நீக்கித் தந்திருக்கிறது. மண்ணைக் கட்டுபவர் தேர்ந்தெடுத்துவிடலாம். நீர் மட்டும் ஆண்டுதோறும் திரும்பி வருவதால், அதற்கான காப்பையும் ஆண்டுதோறும் செய்தாக வேண்டும். பல்லாயிரம் பக்தர்களைச் சுமந்து ஏறும் வண்டிகளின் கீழே நிற்கும் சுவர்களுக்கு, மழைக்கு முன் வரும் அந்தக் கம்பியும் அந்த ஆளுமே முதல் காப்பு.